கத்திரி வெயிலில் ஒரு ஜென்டில்மேன்

உடுத்துவது முதல் ஊர் சுற்றுவது வரை... கோடையைக் கையாளத் தெரிந்த ஆணுக்கு ஒரு கையேடு

கோடையைப் பற்றி நம் ஊர் ஆண்கள் பேசுவது அதிகம், செய்வது குறைவு. 'போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஜாஸ்தி' என்று டீக்கடையில் தொடங்கும் பேச்சு, வீட்டுக்கு வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, 'கொஞ்சம் மோர் கொண்டா' என்பதில் முடியும். மோர் வரும். அதைக் கடைந்தவர் அடுப்படியிலிருந்து வியர்த்து விறுவிறுக்க வந்திருப்பார். அந்த அடுப்படியில் பெரும்பாலும் விசிறி இருக்காது. இருந்தாலும் போட முடியாது, அடுப்பு அணைந்துவிடும்.

கோடையில் நமக்குக் கிடைக்கிற எந்தக் குளிர்ச்சிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய வியர்வை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, அந்த வியர்வையில் தன் பங்கைச் சிந்தத் தயாராக இருப்பவன்தான் கோடைக்கால ஜென்டில்மேன். லினன் சட்டையும் கூலிங் கிளாஸும் அதற்குப் பிறகுதான். அவையும் வேண்டும்; அதற்கும் வருவோம்.

முதலில், வெயிலைப் படியுங்கள்

பஞ்சாங்கப்படி சூரியன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம் வரை நகரும் காலம் அக்னி நட்சத்திரம். பெரும்பாலும் மே 4-ம் தேதி தொடங்கி, மே 28-ம் தேதி வாக்கில் முடியும். ஆனால், கத்திரி கழிந்த மறுநாள் வெயில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடாது. சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது 2003-ம் ஆண்டு மே 31 அன்று. கத்திரி முடிந்த பிறகு.

சென்னைவாசியின் கோடை கடற்காற்றின் கையில் இருக்கிறது. பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்து, கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டால் வெப்பம் விறுவிறுவென்று ஏறும். வேலூர், சேலம், ஈரோடு, கரூர்க்காரர்களுக்கு அந்தக் கடலும் கிடையாது. அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாது. கடற்கரை ஊர்களில் நேர்மாறு: காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே, உள்மாவட்டக்காரர் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். கடற்கரைக்காரர் காற்று படுகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும்.

காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெளி வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. புயல் அடிக்கும்போது மொட்டை மாடியில் நின்று வீரம் காட்டுவோமா?

உடை: பருத்தியும் கொஞ்சம் துணிச்சலும்

கோடை உடையின் விதி எளிது. வியர்வையை உறிஞ்ச வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும், உடம்போடு ஒட்டக் கூடாது. பருத்திக்கும் லினனுக்கும் இது பிறவிக் குணம். லினன் சட்டை கசங்குகிறதே என்று கவலைப்படுபவர்கள் அதை வாங்கவே வேண்டாம். கசங்குவதுதான் அதன் லட்சணம்.

கடையில் ஏமாறாமலிருக்க ஒரு வித்தை. சட்டையின் உள்பக்கத் துண்டுச்சீட்டில் 'காட்டன் ரிச்' என்று போட்டிருந்தால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று பொருள். நூறு சதவிகிதம் என்று எழுதியிருந்தாலும் சந்தேகம் இருந்தால், தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னால் செய்ய வேண்டாம்.

வேட்டியைவிடக் கோடைக்கு உகந்த உடை ஒன்றை உலகத்தின் எந்தத் தையல்காரரும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால், கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற சம்பிரதாயப் பொருளாக அதை ஆக்கிவிட்டோம். மே மாதத்தில் எட்டு முழத்தை ஒதுக்கிவைத்து நாலு முழத்துக்கு வாருங்கள். ஒற்றை மடிப்பில் காற்று நன்றாகப் போய் வரும். கஞ்சியைக் குறையுங்கள், மொடமொடப்பு ஏற ஏற, துணியின் கண்கள் அடைபடும். மடித்துக் கட்டுவது சௌகரியம்தான். எதிரே பெரியவர் வந்தால் இறக்கிவிடுவது பண்பு.

'வேட்டி கட்டினால் உள்ளே விடுவார்களா?' என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே நிறுத்தினார்கள். பெரிய சர்ச்சையானது. வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று அதே ஆண்டில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு கோடைக்கால உடைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கட்டத்தான் ஆள் குறைவு.

கட்டம் போட்ட கைலியைப் பற்றி ஒரு கதை. ஜவுளி உலகில் இன்றும் சொல்வார்கள். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி இந்தியாவுக்கு வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கைத்தறி மெட்ராஸ் துணி வாங்கிப் போனார். அது அமெரிக்காவின் பெரிய கடைகளில் கோட்டாகவும் சட்டையாகவும் விற்றது. இயற்கைச் சாயம், குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற விஷயம் மட்டும் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. முதல் சலவையிலேயே சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் சளைக்கவில்லை. 'சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக்கினார்கள். அங்கே கல்லூரி இளைஞர்களின் கோடை நாகரிகமாக ஆன அதே கட்டத்தை, இங்கே 'வீட்டோடு கட்டுகிற கைலி' என்று ஒளித்துவைத்திருக்கிறோம். மெட்ராஸ் கட்டத்தில் ஓர் அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று சலவை மட்டும் தனியாக, உப்புப் போட்ட தண்ணீரில்.

இனி வெட்கப்படாமல் பேச வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, குடை. மழைக்குப் பிடிப்போம், வெயிலுக்குப் பிடிக்க மாட்டோம். வெயிலுக்குக் குடை பிடித்தால் ஆண்மைக்குப் பங்கம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் துணிக்குடையோடுதான் வெயிலில் நடந்தார்கள். அவர்கள் ஆண்மையில் யாரும் குறை கண்டதில்லை. இரண்டு, உள்ளாடை. மே மாதத்தில் இறுக்கமான ஜீன்ஸும் ஈரம் உலராத உள்ளாடையும் சேர்ந்தால் படர்தாமரை நிச்சயம். உள்ளாடையைத் தினமும் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். அரிப்பு வந்தால் மருந்துக்கடையில் கைநீட்டினால் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். இரண்டு நாள் அடங்கியதுபோல் காட்டி, பிறகு இன்னும் வேகமாகப் பரவும். தோல் மருத்துவரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுப்படி: பந்தலில் மட்டும் மோர் ஊற்றுகிறவர்கள்

சித்திரா பௌர்ணமியன்று மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது பாருங்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பி, கூட்டத்தின் மேல் பீய்ச்சிக் குளிர்விக்கும் பக்தர்கள் பெரும்பாலும் ஆண்கள். வழியெங்கும் பானகமும் நீர்மோரும் மொண்டு ஊற்றுவதும் அவர்களே. கட்சிகளின் தண்ணீர்ப் பந்தலிலும் அப்படித்தான். ஊருக்கு மோர் ஊற்றத் தெரிந்த கைகள், வீட்டில் மட்டும் டம்ளரை நீட்டுவதற்கே பழகியிருக்கின்றன.

வற்றல், வடகம் இன்னும் மோசம். விடிவதற்கு முன்பே எழுந்து கூழ் கிண்டி, சூடு ஆறுவதற்குள் மாடிக்குத் தூக்கிப் போய், குனிந்து குனிந்து பிழிந்து, காக்காய் விரட்டி, நாலு வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைக்க வேண்டும். இவ்வளவிலும் காலங்காலமாக ஆண்களின் பங்கு ஒன்றே ஒன்றுதான்: கீழே விரிக்க ஒரு பழைய வேட்டி. இந்த வருடம் வேட்டியோடு ஆளும் மாடிக்கு வரட்டும். கூழ்ப் பாத்திரம் கனமானது, அச்சு நாழியை அழுத்தத் தோளில் பலம் வேண்டும். ஜிம்முக்குப் போகிற கைகளுக்குப் பொருத்தமான வேலை.

நீர்மோருக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு பங்கு புளிக்காத தயிருக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர். மத்தால் கடையுங்கள், மிக்ஸியில் அதிக நேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டுவிடும். இஞ்சி, ஒரு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியைத் தட்டிப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சேர்த்து அரைமணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். பானகத்துக்கு வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். ஒன்று வியர்வையில் இழந்த உப்பை ஈடுகட்டும், மற்றொன்று சர்க்கரையால் தெம்பூட்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து, கால் பிடித்து இழுக்கும்.

மண்பானை வாங்கினால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மண்வாடை போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். ஆற்றுமணல் பரப்பி, அதை ஈரமாக வைத்து, காற்று படும் மூலையில் பானையை அமர்த்துங்கள். பானையின் துளைகளில் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. வேலூரில் ஜில்லென்று இருக்கும் பானை சென்னையில் சுமாராகத்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதுதான் காரணம், பானையைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே ஒரு கொத்து வெட்டிவேர் போட்டால் மணமும் சேரும்.

மாம்பழம் வாங்குவது தனிக் கலை. நிறத்தைப் பார்க்காதீர்கள், மூக்கை நம்புங்கள். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். பழம் முழுக்க ஒரே சீரான மஞ்சள், வாசனை இல்லை, நறுக்கினால் கொட்டைப் பக்கம் புளிப்பு என்றால் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது என்று சந்தேகியுங்கள். கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது; எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. பங்கனப்பள்ளி ஏப்ரலிலேயே வந்துவிடும். இமாம்பசந்த் மே மாதத்தில் கொஞ்ச நாள் மட்டும் முகம் காட்டும். நீலம் வந்தால் சீசன் முடியப்போகிறது என்று அர்த்தம். காயாக வாங்கி வைக்கோலில் பழுக்கவைக்கிற பொறுமை இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. சாப்பிடும் முன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவையுங்கள். பிறகு நறுக்கி, முதல் தட்டை அடுப்படிக்கு அனுப்புங்கள். கொட்டையைச் சப்புவது நறுக்கியவரின் உரிமை.

கைத்தொழில்: விசிறி ஏன் சோம்பேறியாகிறது?

ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கிறது, விசிறி இரண்டில் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டால், மே மாதத்தில் அவர் மத்திய அமைச்சரைவிட பிஸி. பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி ஒரு சின்னஞ்சிறு பொருள்: கெபாசிட்டர். கடையில் 'கன்டென்சர்' என்றே கேட்பார்கள். சாதாரண மேல்விசிறிக்குப் பொதுவாக 2.5 மைக்ரோ ஃபாரட். நாளாக ஆக இதன் திறன் குறையும், மோட்டாருக்குத் தேவையான உந்துதல் கிடைக்காது, விசிறி தளரும்.

மாற்றுவது இப்படி. சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது. மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி-யையே இறக்குங்கள். ஆடாத ஏணி, கீழே பிடித்துக்கொள்ள ஒருவர். விசிறிக் கம்பியில் இருக்கும் கிண்ணம் போன்ற மூடியின் திருகைத் தளர்த்தி நகர்த்தினால் உள்ளே இரண்டு ஒயர்களோடு கெபாசிட்டர் தெரியும். சில மாடல்களில் மேல் கிண்ணத்தில் இருக்கும், சிலவற்றில் கீழ்க் கிண்ணத்தில். டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுங்கள். பழைய கெபாசிட்டரில் மிச்ச மின்சாரம் தேங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரு முனைகளையும் சேர்த்து ஒருமுறை தொட்டுவிடுங்கள். கழற்றி, அதே அளவுள்ள புதியதைப் பொருத்தி, இன்சுலேஷன் டேப் சுற்றி மூடுங்கள். வேகம் கூடும் என்று பெரிய அளவை மாட்டினால் காயில் சூடேறிப் புகைந்துவிடும். ஏறியது ஏறியாயிற்று, இறக்கைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறங்குங்கள். பி.எல்.டி.சி விசிறியில் இந்த வேலைக்கு இடமில்லை; அதற்குப் பதில் சாதாரண விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் அது 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும்.

ஏ.சி வைத்திருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி, குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. 2020 முதல் விற்கும் ஸ்டார் முத்திரை ஏ.சி-க்கள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்கும். 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளி போர்த்துகிறவர்களை யார் திருத்துவது? ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி சிக்கன வாரியம். 26-ல் வைத்து விசிறியையும் சேர்த்து ஓட்டினால் உறக்கத்துக்கு ஒரு குறையும் வராது.

மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது கோடைக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை. விட்டிருந்தால் இப்போதும் செய்யலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பெரிய தொட்டியில் நீர்த்து, ஆறவிட்டு, பிடிப்புக்குப் பசை கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பூச்சு. வெள்ளைத்தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீழ் அறையின் சூடு நன்றாகவே தணியும். சுண்ணாம்பு நீரும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

நீர்: கோடையின் மிக முக்கியமான பாடம்

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

இதில் ஆண்கள் படிக்க வேண்டிய பாடம் இரண்டு. ஆழம் தெரியாத நீரில் இறங்குவது வீரம் என்று நினைப்பது நாம்தான். ஏரியில், குட்டையில், கல்குவாரியில் விடுமுறைதோறும் உயிர் போகிறவர்களில் பையன்களே அதிகம் இருப்பதற்குக் காரணம் அந்த நினைப்பு. இரண்டாவது பாடம், அந்தப் பெண்கள் கையாண்ட முறை. நீர்மீட்புப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே அதுதான்: நீட்டு, எறி, பயிற்சி இல்லாமல் இறங்காதே. மூழ்குகிறவர் பதற்றத்தில் காப்பாற்ற வந்தவரையும் பிடித்து அமுக்கிவிடுவார். கயிறு, கம்பு, வேட்டி, காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் என்று மிதப்பதோ நீள்வதோ எது கைக்குக் கிடைத்தாலும் அதுவே உயிர்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர மே மாதத்தைவிட நல்ல மாதம் கிடையாது. கிராமத்தில் படியுள்ள கிணறு, இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை அல்லது டியூப், கூடவே நீச்சல் தெரிந்த பெரியவர். நகரத்தில் பயிற்சியாளர் இருக்கிற குளம். கையடிப்பதற்கு முன் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுங்கள். தவறி விழுந்த குழந்தையைக் காப்பாற்றுவது வேகம் இல்லை, மிதக்கத் தெரிந்த நிதானம். மகனுக்கு மட்டும் சொல்லித்தந்துவிட்டு மகளைக் கரையில் உட்காரவைக்காதீர்கள்.

மீட்டெடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற சினிமா வேலை வேண்டாம். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சைக் கொடுங்கள். பிறகு மார்பின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு 5 செ.மீ ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி தருகிறது. ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தால் போதும்.

ஓய்வு: எல்லாரும் போகிற மலைக்கு எதற்கு?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே மாதத்தில் போவதென்றால் முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு. அடுத்த ஆண்டுக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். மலை தாங்காது என்பதால் வந்த கட்டுப்பாடு. திட்டிக்கொண்டே போகாமல் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போவது நாகரிகம். பிளாஸ்டிக் பாட்டிலை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாருக்கும் ஊட்டி என்று சட்டமா என்ன? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. இன்னும் துணிச்சல் இருந்தால் 70 வளைவுகள் தாண்டிக் கொல்லிமலை. குற்றாலத்துக்கு மே மாதத்தில் போய்க் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூனில் சாரல் விழட்டும். குளிரே வேண்டாம், ஆற்றுக் குளியல் போதும் என்பவர்களுக்கு ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் உண்டு, பரிசல் உண்டு, பொரித்த மீன் உண்டு.

மலைச்சாலையிலும் ஒரு மரியாதை இருக்கிறது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். டயருக்குக் காற்று காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற காருக்குள் 'ரெண்டே நிமிஷம்' என்று குழந்தையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

எங்கும் போகாமலிருப்பதும் சுற்றுலாதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணித் தூக்கம். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் காசு கேட்காத குளிர்சாதன அரங்குகள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. வீட்டிலேயே இருந்தால் கேரம் போர்டைத் தூசி தட்டுங்கள், தாயக்கட்டையைத் தேடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டத்துக்கு நடுவே 'யாராவது டீ போடுங்களேன்' என்று குரல் கொடுக்கிறவர் எழுந்துபோய்ப் போட வேண்டும். கோடை விடுமுறை என்பது வீட்டில் எல்லாருக்கும் விடுமுறையாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகிறது என்ற கணக்கை மாற்றுவது அப்பாவால் மட்டும்தான் முடியும்.

வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால்...

• உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் குழம்புகிறார், நினைவு தப்புகிறது என்றால் அது வெறும் மயக்கமாக இருக்காது, வெப்பவாதம். உடனே 108.

• வண்டி வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள்.

• நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

• நினைவோடு களைத்திருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ் கொடுக்கலாம். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது.

வெயிலில் நிற்பவர்களின் கணக்கு

இவ்வளவு நேரம் வீட்டுக்குள் யார் வியர்வையில் நமக்குக் குளிர்ச்சி கிடைக்கிறது என்று பார்த்தோம். வெளியே அந்தப் பட்டியல் இன்னும் நீளம். சிக்னலில் நிற்கும் காவலர், தார் ஊற்றுகிற தொழிலாளி, குப்பை வண்டி தள்ளுகிற தூய்மைப் பணியாளர், ஏ.சி-யின் வெளி யூனிட்டைப் பழுதுபார்க்க சன்ஷேடில் தொங்குகிறவர். வீட்டுக்கு வேலைக்கு வந்தவரிடம் 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால், 'வேண்டாம் சார்' என்றுதான் கூச்சத்தில் சொல்வார். கேட்காமலே ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைப்பதுதான் முறை. அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தால், நீங்கள் எவ்வளவு நல்ல லினன் போட்டிருந்தாலும் பயனில்லை.

டெலிவரி இளைஞர்கள் ஓய்வெடுக்கக் குளிர்சாதன அறைகளைச் சென்னை மாநகராட்சி 2025-ல் திறக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், மதியம் இரண்டு மணிக்கு நாம் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் அவர் அந்த அறையிலிருந்து எழுந்து வந்துதான் ஆக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, தார் ரோட்டின் அனல் முகத்தில் அடிக்க, முதுகில் நம்முடைய குளிர்ச்சியைச் சுமந்துகொண்டு வருவார்.

மருந்து, மாத்திரை என்றால் வேறு விஷயம். மற்றதை மாலை ஆறு மணிக்குமேல் ஆர்டர் போடுங்கள். ஐஸ்கிரீமும் உருகாது, அதைக் கொண்டுவருகிறவரும் உருக மாட்டார்.